பூவை ஆடுவதற்கு யாரைக் கேட்பது?

ஆஸ்திரேலியன் பாலே நிறுவனமும் பங்காரா நடனக் குழுவும் சேர்ந்து 2026 பருவத்துக்கென உருவாக்கியிருக்கும் 'ஃப்ளோரா' என்ற பாலே, அந்தக் கண்டத்தின் தாவரங்களையும் அவற்றோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த பூர்வகுடிகளின் அறிவையும் ஆடலாக்குகிறது. நடனம் அமைப்பவர் ஃபிரான்சஸ் ரிங்ஸ். விராங்கு, மிர்னிங் மக்கள் வழி வந்தவர், பங்காராவின் கலை இயக்குநர். இசை வில்லியம் பார்ட்டன். மவுண்ட் ஐசாவில் பிறந்த கால்கடுங்கர், டிஜெரிடூ என்ற பூர்வகுடிக் குழல் வாத்தியத்தை சிம்பனி இசைக்குழுக்களின் நடுவே உட்கார வைத்தவர். அசைவு அழகா, ஒளி பொருந்தியதா என்று சொல்வது நடன விமர்சகர்கள் பாடு. இந்தப் பக்கத்தில் நாம் எடுத்துக்கொள்வது வேறு வழக்கு. ஒரு மக்களின் செடி கொடிகளை, சடங்குகளை, கதைகளை மேடையேற்ற யாருக்கு உரிமை? யாருடைய சம்மதத்தோடு? தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இம்முறை செய்திருக்கும் ஏற்பாடு சரியானது. ஆனால் அதற்காக ஆஸ்திரேலியன் பாலே தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்ள முடியாது. பழைய கடனில் ஒரு தவணை கட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடன் தொடங்கிய இடம் சிட்னிக்குத் தெற்கே உள்ள பாட்டனி விரிகுடா. 1770 ஏப்ரல் கடைசியில் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்கின் கப்பல் அங்கே நங்கூரமிட்டது. கரையில் நின்று தடுத்த இரண்டு க்வீகல் ஆண்களை நோக்கித் துப்பாக்கி வெடித்தது. ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக அங்கே தங்கிய தாவரவியலாளர்கள் ஜோசப் பேங்க்ஸும் டேனியல் சோலாண்டரும் ஐரோப்பா கண்டிராத செடிகளை அள்ளி அள்ளித் தாள்களுக்கிடையே வைத்துப் பதப்படுத்தினார்கள். அந்த மக்களின் குடியிருப்பில் கிடந்த நாற்பது, ஐம்பது ஈட்டிகளும் அதே கையோடு கப்பலேறின. அவற்றில் எஞ்சிய நான்கு ஈட்டிகள் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியிலிருந்து லா பெரூஸ் பூர்வகுடிச் சமூகத்தின் கைக்கு வந்து சேர்ந்தது 2024இல். செடிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

லா பெரூஸ் அதே விரிகுடாவின் கரைதான். 1913இல் ஜான் ஆன்டில் என்ற வெள்ளைக்காரச் சிறுவன் அங்கே பூர்வகுடிகளின் ஆட்டத்தைப் பார்த்தான். (அதே ஆண்டில் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' அரங்கேறி, கற்பனையான ரஷ்யப் பழஞ்சடங்கைப் பாலே மேடையில் ஏற்றி, ரசிகர்களிடம் வசைவாங்கியது.) வளர்ந்து இசையமைப்பாளரான ஆன்டில், அந்தப் பால்ய நினைவிலிருந்து 'கொரோபரி' என்ற பாலே இசையை எழுதினார். 1946இல் யூஜின் கூசன்ஸ் நடத்திய கச்சேரியில் அதன் பகுதிகள் ஒலித்தபோது, ஆஸ்திரேலியாவுக்கென்று ஓர் இசை பிறந்துவிட்டதாகக் கொண்டாடினார்கள். 1950இல் ரெக்ஸ் ரீட் அதற்கு நடனம் அமைத்தார். 1954இல் எலிசபெத் ராணி சிட்னிக்கு வந்தபோது, அமெரிக்காவில் பிறந்த பெத் டீன் அதைப் புதிதாக அமைத்து, தீட்சை பெறும் இளைஞனாகத் தானே ஆடினார். ஒரு வெள்ளைக்காரப் பெண், பூர்வகுடி ஆண்களின் தீட்சைச் சடங்கை, அந்த மக்களின் நிலத்துக்கு ராணி என்று முடிசூட்டப்பட்டவர் முன்னால் ஆடிக் காட்டினார். சுற்றி ஆடியவர்களும் வெள்ளையர்களே. அந்த நாளில் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்று அரசியல் சட்டமே சொல்லியது. அந்த விதி நீங்க 1967 பொதுவாக்கெடுப்பு வரவேண்டியிருந்தது. கணக்கில் சேராதவர்களின் ஆட்டம் மட்டும் கலைக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஆன்டிலும் டீனும் கேலி செய்ய வந்தவர்கள் இல்லை. அதனால்தான் அவர்களை இங்கே நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது. டீன் மத்திய ஆஸ்திரேலியாவுக்குப் போய், சடங்காட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். ஆன்டிலின் இசை உண்மையிலேயே துணிச்சலானது. இருவருக்கும் அந்தக் கலைமேல் மரியாதை இருந்தது. இருந்தும், இசையின் உச்சத்தில் ஆன்டில் கயிற்றில் கட்டிச் சுழற்றும்போது உறுமும் மரப்பலகையை ஒலிக்க வைத்தார். பூர்வகுடி மக்களில் பல இனத்தாருக்கு அது புனிதச் சடங்குக்குரியது. தீட்சை பெறாதவர்கள் அதைப் பார்க்கவோ கேட்கவோ கூடாது என்ற விலக்கும் பல இடங்களில் உண்டு. நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் அனைவரும் கேட்கும்படி அதைக் கச்சேரி அரங்கில் சுழற்றினார்கள். மரியாதை வைத்திருப்பவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போகலாமே? கேட்டிருந்தால் கூடாது என்ற பதில் வந்திருக்கும் என்பதுதான் சிக்கல். மறுக்கும் உரிமை அந்த மக்களுக்கு உண்டு என்ற எண்ணமே அன்று யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கு அரசாங்கமும் விலக்கில்லை. 1966இல் ஆஸ்திரேலியா புதிய ஒரு டாலர் நோட்டை அச்சிட்டபோது, ஆர்னம் நிலத்து ஓவியர் டேவிட் மலாங்கியின் மரப்பட்டை ஓவியத்திலிருந்து எடுத்த வடிவம் அதில் இருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்த பிறகு, மத்திய வங்கியின் ஆளுநர் ஆயிரம் டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிச் சாமான்களும் கொடுத்து முடித்துவைத்தார். நாட்டின் பணத்தில் ஒருவருடைய கையெழுத்து போன்ற படைப்பை அச்சிட்டுவிட்டு, அவருக்குத் தூண்டிலும் நூலும் தந்த அரசு அது.

இந்தப் பின்னணியில் பார்த்தால் 'ஃப்ளோரா'வின் ஏற்பாடு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது விளங்கும். இங்கே பூர்வகுடிக் கலைஞர் ஆலோசகராக ஓரத்தில் உட்காரவில்லை. அசைவை அவர் தீர்மானிக்கிறார், ஒலியை இன்னொரு பூர்வகுடிக் கலைஞர் தீர்மானிக்கிறார். பங்காரா 1989இல் தொடங்கிய குழு. ஸ்டீஃபன் பேஜ் முப்பது ஆண்டுக்கு மேல் நடத்தி, 2023இல் ரிங்ஸிடம் ஒப்படைத்தார். ஒரு சமூகத்தின் கதையை எடுக்கும்போது அந்த நிலத்துக்குப் போய், மூத்தோரிடம் அமர்ந்து, எதை மேடையில் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று கேட்டு, செய்து முடித்ததை அவர்கள் முன்னால் ஆடிக் காட்டுவது அந்தக் குழுவின் வழக்கம். ஆன்டிலும் டீனும் தாண்டிப் போன வாசல் இதுதான்.

ஒரு சந்தேகம் எழலாம். எழ வேண்டும். பூவும் இலையும் மேடைக்குச் சௌகரியமான பொருள். நில அபகரிப்பைப் பற்றிய பாலே என்றால் நன்கொடையாளர்கள் நெளிவார்கள். வாட்டில் பூவின் மஞ்சளைப் பற்றியது என்றால் வரவேற்பறையில் மது ஊற்றுவார்கள். இந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட நாம் தயாரில்லை. ஆனால் அந்த மண்ணின் செடிகளைக் கொஞ்சம் அறிந்தவருக்கு, அவை ஒன்றும் அப்பாவிப் பொருள்கள் இல்லை என்பது தெரியும்.

முர்னாங் என்ற கிழங்கை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் பூப் பூக்கும் சிறு செடி. இன்றைய விக்டோரியா மாநிலத்தின் புல்வெளிகளில் ஏராளமாக விளைந்தது. பெண்கள் தோண்டுகோலால் கிளறி எடுத்து, குழியில் சுட்டு, கூடை கூடையாகச் சமைத்த அன்றாட உணவு. தோண்டும்போதே மண் இளகும், சிறு கிழங்குகள் பரவும், அடுத்த பருவத்துக்கு இன்னும் நன்றாக விளையும். 1835இல் மெல்போர்னில் குடியேற்றம் தொடங்கியது. பின்னாலேயே ஆட்டு மந்தைகள் வந்தன. ஆடுகள் இலையை மட்டும் மேயவில்லை, மூக்கால் மண்ணைக் கிளறிக் கிழங்கையும் தின்றன, குளம்புகள் மண்ணை இறுக்கின. சில ஆண்டுகளுக்குள் அந்த உணவு பெரும்பாலான இடங்களில் இல்லாமல் போய்விட்டது. பசித்தவர்கள் ஆட்டைப் பிடித்தபோது அதற்குத் திருட்டு என்று பெயர், தண்டனை துப்பாக்கி. அந்தக் கிழங்கு விளைந்த மண்ணின்மேல் கட்டிய நகரத்தில்தான் 2026 பருவத்தில் தாவரங்களைப் பற்றிய பாலே நடக்கிறது.

பேங்க்சியா மரங்களில் பல வகை, காய் வெடித்து விதை சிந்துவதற்கு நெருப்புக்காகக் காத்திருக்கும். எப்போது, எவ்வளவு சிறிதாக, எந்தத் திசைக் காற்றில் தீ மூட்டுவது என்பது பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்த அறிவு. குடியேறியவர்கள் அதைத் தடுத்தார்கள். 2019 இறுதியில் தொடங்கிய கோடையில் கிழக்குக் கரை எரிந்து முடிந்த பிறகுதான் அந்த அறிவைப் பற்றிப் பரவலாகப் பேசத் தொடங்கினார்கள். ரிங்ஸின் முந்தைய படைப்புகளைப் பார்த்தால், அவர் நிலத்தை அலங்காரமாகப் பார்ப்பவர் இல்லை என்பது உறுதி. 2012இல் அவர் அமைத்த 'டெரெய்ன்' கட்டி தாண்டா உப்பேரியைப் பற்றியது. 2023இன் 'யுல்டியா' பாலைவனத்து ஊற்றொன்றைப் பற்றியது. கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதைக்காக உறிஞ்சி உறிஞ்சி வற்றவைத்த ஊற்று அது. ஊற்றின் வறட்சியை ஆடத் தெரிந்தவருக்கு, கிழங்கின் அழிவை ஆடத் தெரியும்.

மேடைக்கு வெளியே இதே செடிகளைச் சுற்றி நடப்பது இன்னும் அசிங்கமான கதை. மெக்கடேமியா குவீன்ஸ்லாந்து மழைக்காட்டுக் கொட்டை. அதை உலகச் சந்தையாக்கிக் காசு பார்த்தது முதலில் ஹவாய். வைட்டமின் சி மிகுந்த காக்கடு பிளம் பழத்தின் சாறு சேர்த்த பூச்சுக்கு அமெரிக்க அழகுசாதன நிறுவனம் ஒன்று காப்புரிமை கேட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே ஆஸ்திரேலியாவில் விண்ணப்பத்தை விட்டுக்கொடுத்தது. காட்டு உணவு என்ற பெயரில் நகரத்து உணவகங்களில் விற்கும் பழம், விதை, இலை வியாபாரத்தில் பூர்வகுடிகளின் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை என்று அத்துறையினரே சொல்லி வருகிறார்கள். மரபு அறிவைப் பயன்படுத்துவோர் அதன் உரிமையாளரிடம் சம்மதம் பெற்று லாபத்தைப் பகிர வேண்டும் என்ற நகோயா உடன்படிக்கையில் ஆஸ்திரேலியா 2012இல் கையெழுத்திட்டது. பிறகு அதை உறுதிப்படுத்தாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. செடியைப் பாடும் நாடு, செடிக்கு உரியவருக்குப் பங்கு தரத் தயங்குகிறது.

செடியை அதன் மக்களிடமிருந்து பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நீலகிரியே சாட்சி. 1840களில் தொடங்கி வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள்தான் நாம் கற்பூர மரம் என்றும் சீகை மரம் என்றும் சொல்பவை. தைலம் கிடைத்தது, விறகு கிடைத்தது, தோல் பதனிடப் பட்டை கிடைத்தது. அந்த மரங்களை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்று அறிந்த கைகள் மட்டும் கூடவே வரவில்லை. தோடர் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளைச் சீகை விழுங்கியது. அதை வேரோடு அகற்றச் சொல்லி இன்று நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருக்கிறது.

நடனத்திலும் நமக்கு அந்தக் கண்டத்தோடு ஒரு பழைய கப்பல் தொடர்பு உண்டு. 1920களின் இறுதியில் ருக்மிணி தேவி அருண்டேல் பாலே மேதை அன்னா பாவ்லோவாவோடு பழகியது ஆஸ்திரேலியப் பயணத்தில், ஒரே கப்பலில். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்கத் தொடங்கிய ருக்மிணி தேவியை, உன் நாட்டு ஆடலைத் தேடு என்று திருப்பிவிட்டவர் பாவ்லோவாதான் என்பார்கள். ருக்மிணி தேவி தேடிப் போனது சதிர். அது இசை வேளாளர் குலப் பெண்களிடம் இருந்தது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935இல் அடையாறில் அரங்கேறினார். சதிர் பரதநாட்டியம் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. 1947இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தேவையானது, அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சட்டத்துக்குப் பிந்தைய சபா மேடைகளில் சதிரைக் காத்த குடும்பங்களின் பெண்கள் எத்தனை பேர் ஏறினார்கள்? பாலசரஸ்வதி என்ற ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குத் தடுமாறுகிறோம். ருக்மிணி தேவி கலையைக் காப்பாற்றினார் என்பவர்கள் பொய் சொல்லவில்லை. காப்பாற்றிய கலை வீடு மாறிவிட்டது என்பதும் பொய்யில்லை. ஆஸ்திரேலியரைப் பார்த்து விரல் நீட்டும்போது இந்த வழக்கும் நம் மேஜைமேல் திறந்தே கிடக்கட்டும்.

கலைக்கு எல்லை இல்லை, யாரும் எதையும் எடுத்தாளலாம் என்று வாதிடுவோர் உண்டு. எல்லையில்லாத கலையில் எடுப்பவர் எப்போதும் ஒரே பக்கமாக இருப்பதேன் என்று அவர்களிடம் கேட்க வேண்டும். வெள்ளை இசையமைப்பாளர் கொரோபரியை எழுதியபோது அவருக்கு உரிமைத்தொகை வந்தது. அந்த நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர் பெயர் உள்ள நடனத்தை அவர் இறந்து எழுபது ஆண்டுவரை காக்கிறது. ஆயிரம் தலைமுறை ஆடி வந்த ஆட்டத்துக்கு ஆசிரியர் பெயர் இல்லை, ஆகவே காப்பும் இல்லை. இந்தச் சட்ட ஓட்டையை 'எல்லையற்ற கலை' என்று அழைப்பவர்களோடு நாம் உடன்படவில்லை.

மறுமுனையிலிருந்தும் ஒரு குரல் வருகிறது. பாலே ஐரோப்பிய அரசவைகளில் பிறந்தது, பூர்வகுடிகள் ஏன் அதன் காலணிக்குள் தங்கள் காலை நுழைக்க வேண்டும் என்று அது கேட்கிறது. இதையும் ஏற்பதற்கில்லை. பூர்வகுடிக் கலைஞர் தன் மரபை மட்டுமே ஆட வேண்டும் என்பது அவரை அருங்காட்சியகத்தில் வைத்துப் பூட்டுவது. 1997இல் ஸ்டீஃபன் பேஜ் இதே இரு குழுக்களையும் சேர்த்து, ஸ்ட்ராவின்ஸ்கியின் அந்த 'வசந்தச் சடங்கு' இசைக்கே 'ரைட்ஸ்' என்ற படைப்பை அமைத்தார். ஐரோப்பா கற்பனை செய்த பழஞ்சடங்கின் இசைமீது, சடங்கை உண்மையில் உடையவர்கள் ஏறி நின்றார்கள். எடுத்தாளும் உரிமை இருபக்கமும் ஓடும்போதுதான் கொடுக்கல் வாங்கல் என்ற சொல்லுக்கே பொருள் வருகிறது.

இனி, நிறுவனத்தின் சொந்த வீட்டுக்குள் வருவோம். ஆஸ்திரேலியன் பாலே தொடங்கியது 1962இல். அதன் முழுநேரக் குழுவில் முதல் பூர்வகுடி நடனக் கலைஞராக விராஜுரி வழிவந்த எல்லா ஹவெல்கா சேர்ந்தது 2013இல். அவரும் பங்காராவில் ஆடிவிட்டு வந்தவர். ஐம்பது ஆண்டு! அந்த ஐம்பது ஆண்டில் பூர்வகுடிக் குழந்தைகளுக்குக் கால் இல்லாமல் போய்விட்டதா? பாலேயின் காலணி இளஞ்சிவப்பாக இருப்பது ஆடுபவரின் தோலோடு இழைந்து கால் நீண்டு தெரியவேண்டும் என்பதற்காக. யாருடைய தோல் என்பதை யாரும் கேட்டதில்லை. உலகெங்கும் கறுத்த தோலுடைய கலைஞர்கள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னும் முகப்பூச்சை எடுத்துக் காலணிக்குத் தடவிக்கொண்டிருந்தார்கள். லண்டனின் பெயர்பெற்ற காலணித் தயாரிப்பாளர் ஒருவர் பழுப்பு நிறக் காலணியைக் கொண்டுவந்ததே 2018இல்தான். ஓர் இணைப் படைப்பு இந்தக் கணக்கைத் தீர்க்காது. பாலே பள்ளியில் சேரும் பூர்வகுடிப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கட்டணமில்லா இடங்களும்தான் தீர்க்கும்.

பார்வையாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 அக்டோபர் 14 அன்று, பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஒரு குரல் தரலாமா என்று கேட்ட பொதுவாக்கெடுப்பில், ஆறு மாநிலங்களும் கூடாது என்றன. நாடு முழுவதும் சுமார் 60 சதவீதத்தினர் எதிர்த்து வாக்களித்தார்கள். பாலே பார்க்கும் சிட்னி, மெல்போர்ன் நகர மையத் தொகுதிகள் ஆம் என்றே சொல்லின என்பதை நியாயத்துக்காகக் குறிப்பிட வேண்டும். அந்த ரசிகர்களை வேடதாரிகள் என்று சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் வாக்குச்சீட்டில் தோற்ற ஒரு நல்லெண்ணம் அரங்கத்தின் கைத்தட்டலில் ஆறுதல் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும் ஆபத்து இருக்கிறது. அதை இந்தப் படைப்பு அனுமதிக்கக் கூடாது.

எனவே இந்த ஏற்பாட்டை வரவேற்கும் நாம், அதன் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கிறோம். பருவம் முடிந்த பிறகு இந்த ஆடலின் அசைவுகளும் ஒலிகளும் யார் சொத்து? பத்தாண்டு கழித்து ரிங்ஸ் இல்லாமல், பார்ட்டன் இல்லாமல், வேறொரு நாட்டில் இதை மறுபடி மேடையேற்ற முடியுமா? ஒரு சமூகத்தின் மூத்தோர் இந்தக் காட்சியை இனி ஆட வேண்டாம் என்று சொன்னால், டிக்கெட் விற்றுத் தீர்ந்த பின்னும் நிறுவனம் நிறுத்துமா? தாவர அறிவைத் தந்த சமூகங்களுக்கு வருமானத்தில் பங்கு எழுத்தில் இருக்கிறதா? இவற்றுக்கான பதில்களை இரு நிறுவனங்களும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். பூர்வகுடிப் பண்பாட்டு உரிமை பற்றி வழக்கறிஞர் டெர்ரி ஜான்கே விரிவான அறிக்கை எழுதியது 1998இல். அதற்குப் பின் வந்த வழிகாட்டு நெறிகள் பெரும்பாலும் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவிலேயே நின்றன. 2023 ஜனவரியில் வெளியிட்ட தேசியப் பண்பாட்டுக் கொள்கையில், பூர்வகுடி அறிவையும் பண்பாட்டு வெளிப்பாடுகளையும் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவருவதாக ஆஸ்திரேலிய அரசு வாக்களித்தது. அந்தச் சட்டம் நிறைவேறும்வரை, ரிங்ஸைப் போன்ற ஒருவர் பொறுப்பில் இருக்கிறாரா இல்லையா என்பதை நம்பியே எல்லாம் நடக்கும். அவருக்கு அடுத்து யார் வருவார் என்று லா பெரூஸ் மக்களிடம் யாரும் உறுதி கூற முடியாது.